நோட்டில் எழுதாத மாற்றம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் பேசினாள். "அக்கா, புது வெர்ஷனோட பீட்டா வந்திருக்கு. நம்ம மெஷின்ல போட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். "போடு. ஆனா அன்னைக்கு வேற எதையும் தொடாதே. ஒரு துணியால தொடைக்கக்கூடச் செய்யாதே" என்றேன். அவள் சிரித்தாள். வயதானவள் ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பாள். உளறல் இல்லை. மூன்று நாள் என்னை அலைக்கழித்த விஷயம் அது. போனில் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

காரைக்காலில் எங்கள் அலுவலகம் சின்னது. பெயர் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்துப் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவுகளைத் தேடிக் கண்டுபிடித்து, மொழிபெயர்த்துக் கொடுப்பது எங்கள் வேலை. அந்தப் பதிவுகளுக்கு இங்கே இன்னும் எத்தா சிவில் என்றுதான் பேர். அசல் பதிவேடுகள் அரசாங்க அலுவலகத்தில் இருக்கும். அங்கே வருஷமும் எண்ணும் சொன்னால் நகல் எடுத்துத் தருவார்கள். எண் தெரியாமல் அத்தனை பதிவேட்டையும் புரட்ட அவர்களுக்கு ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அந்த எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் அட்டவணை எங்களிடம் இருந்தது. அதுதான் எங்கள் அலுவலகத்தின் உயிர்.

அட்டவணையை உண்டாக்கியவர் எங்கள் மேலதிகாரி முசே தேவசகாயம். ஐயா, சார் என்பதற்குப் பதிலாக அவரை எல்லோரும் முசே என்றே அழைப்பார்கள். பிரெஞ்சு எழுத்தர்கள் நம் ஊர்ப் பெயர்களைத் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரே குடும்பத்தில் அப்பன் பெயர் ஒருவிதமாகவும் மகன் பதிவில் அதே அப்பன் பெயர் வேறுவிதமாகவும் இருக்கும். எந்தப் பெயர் எந்தப் பெயராக மாறியிருக்கிறது என்று பல வருஷம் உட்கார்ந்து ஒன்றோடொன்று சேர்த்துக் கோத்தவர் முசே. புதுச்சேரிக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த பழைய டாஸ் புரோகிராமில் அதையெல்லாம் தாமே தட்டி ஏற்றினார். வேறு யாரையும் தட்ட விடவில்லை.

அதற்குக் காரணமே நான்தான். நான் கிளிஞ்சல்மேட்டுப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். டைப்ரைட்டிங்கில் ஹையர், அப்புறம் ஒரு வருஷக் கம்ப்யூட்டர் படிப்பு, அதோடு இங்கே வேலை. இன்ஸ்டிடியூட்டில் கீயைப் பார்க்காமல் அடித்துப் பழகிய பெருமை எனக்கு நிறைய. சேர்ந்த முதல் வாரம், அட்டவணையில் ஐம்பது பெயர் ஏற்றச் சொன்னார் முசே. நான் கையெழுத்துக் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கடகடவென்று அடித்தேன். கடைசியில், ஏற்றியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் ஆனந்தி என்றும் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் திரை முழுக்க க்யூ. அந்தக் கணினியில் இருந்தது பிரெஞ்சுக் கீபோர்டு. நம் கீபோர்டில் ஏ இருக்கும் இடத்தில் அதில் க்யூ இருக்கும். என் பெயரே க்யூ என்றுதான் ஆரம்பித்திருந்தது. எங்கள் அலுவலக உதவியாளர் சிங்காரவேலு எட்டிப் பார்த்துவிட்டு, "இது யாருங்க க்யூனந்தி?" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் க்யூனந்தி அக்கா. முசே சிரிக்கவில்லை. ஐம்பது பெயரையும் அழித்துவிட்டு, "ஆனந்தி, கடிதமெல்லாம் நீங்க அடிங்க, மெஷினை நீங்க பாத்துக்குங்க. அட்டவணைய நான் தட்டிக்கிறேன்" என்றார். பதினாறு வருஷம் அப்படியே ஓடியது. பகலில் ஏதாவது பெயர் தேட வேண்டுமென்றால் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து ஒற்றை விரலால் தட்டித் தேடுவேன். எனக்கு அது அவமானமாக இருக்கும்.

முசேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார், தபால்காரரிலிருந்து எதிர்க்கடைப் பையன் வரை. காலையில் வந்ததும் கடல் பக்கத்து ஜன்னலின் கண்ணாடியைச் சாத்துவார். உப்புக் காற்று மெஷினைத் தின்றுவிடும் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். காரைக்காலில் கம்ப்யூட்டருக்கு வரும் வியாதியில் பாதி துருதான். பிறகு அட்டவணையைத் திறக்கப் பாஸ்வேர்டு தட்டுவார். தட்டும் முன், "திரும்பிக்குங்க" என்பார். நானும் சிங்காரவேலுவும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். அவரும் கீபோர்டைப் பார்க்க மாட்டார். சாத்திய ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு தட்டுவார். பார்வையாளர் யாராவது வந்திருந்தால் அவர்களும் திரும்ப வேண்டும். ஒரு முறை ஒரு பெரிய அதிகாரியே சுவரைப் பார்த்து நின்றார். டிக் என்று ஒரு சத்தம் வரும். அட்டவணை திறந்துவிட்டது என்று அர்த்தம். பிரெஞ்சில் இதோ என்பதுபோல, "வுவாலா" என்பார். நாங்கள் திரும்பிக்கொள்ளலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மெஷினில் எதை மாற்றினாலும் நோட்டில் எழுத வேண்டும். தேதி, மாற்றம், மாற்றிய பிறகு என்ன நடந்தது. "ஒரு நேரத்துல ஒன்னுதான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எது கெடுத்துச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்" என்பார். அந்த நோட்டு என் பொறுப்பு. அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

பழைய கணினி கடைசியில் துருவுக்கே பலியானது. புதிய கணினிகளில் அந்த டாஸ் புரோகிராம் ஓட மறுத்தது. அப்போதுதான் விர்ச்சுவல் மெஷின் என்ற மென்பொருளைப் பற்றிப் பத்திரிகையில் படித்தேன். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல அது பாவனை செய்யும். பழைய வட்டில் இருந்ததை அப்படியே ஒரு கோப்பாக்கி அதற்குள் வைத்தேன். புதுக் கணினியின் ஜன்னல் ஒன்றுக்குள் பழைய கணினி பச்சை எழுத்தோடு எழுந்து வந்தபோது முசே நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "செத்தவங்களைப் பாக்குற மாதிரி இருக்கு ஆனந்தி" என்றார். என் வேலைக் காலத்திலேயே நான் அதிகம் பெருமைப்பட்ட நாள் அது. பழைய பிரெஞ்சுக் கீபோர்டையும் இந்தப் புதுக் கணினியிலேயே செருகிக் கொடுத்தேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் கழித்து, 2009 தொடக்கத்தில், முசேக்குக் கண்ணில் புரை அறுவை. புதுச்சேரிக்குப் போகும் முன் வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். பாஸ்வேர்டு! நம் ஊர் அரசலாறுதான், ஆங்கிலத்தில் எழுதுகிறபடி அரசலார். ஆங்கிலச் சின்ன எழுத்தில் எட்டு எழுத்து. "மனசுல வாங்கிக்கிட்டுக் கிழிச்சிடுங்க" என்றார். கிழித்தேன்.

அவர் ஊரில் இல்லாத சனிக்கிழமை எனக்குக் கொழுப்பு ஏறியது. அப்போது புது இயங்குதளம் ஒன்றின் பீட்டா வந்திருந்தது. இன்னும் முழுதாக முடியாத, சோதித்துப் பார்க்கத் தருகிற பதிப்பு. பத்திரிகையோடு வந்த டிஸ்கில் அது இருந்தது. எங்கள் கணினியில் இருந்த பழையது இழுத்து இழுத்து ஓடியது, புதியது வேகம் என்று எல்லோரும் எழுதினார்கள். முசே திரும்பி வரும்போது மெஷின் பறக்க வேண்டும், அவர் மறுபடியும் நாற்காலியிலிருந்து எழ வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அட்டவணைக் கோப்பை இரண்டு டிவிடியில் நகல் எடுத்துவிட்டு பீட்டாவைப் போட்டேன். நோட்டில் எழுதினேன். மேசையையும் சுத்தம் செய்தேன். பிரெஞ்சுக் கீபோர்டில் அழுக்கு ஏறி, பாதி கீ உள்ளே போனால் வெளியே வராது. அதை எடுத்துக் கழிவுச் சாமானோடு போட்டுவிட்டு, அலமாரியில் பிரிக்காமல் கிடந்த சாதாரணக் கீபோர்டைச் செருகினேன். மதியமே பழைய சாமான்காரர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். இதை நோட்டில் எழுதவில்லை. கூட்டிப் பெருக்கியதை யாராவது எழுதுவார்களா?

விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் அன்றே அடம்பிடித்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செய்னம்பு லாத்தா வந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர். எனக்கு முன்பின் தெரியாது, ஆனாலும் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அக்காமார்கள் எல்லோரும் எங்களுக்கு லாத்தாதான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"தங்கச்சி, எங்க உம்மா பிரான்சுல அண்ணன் வீட்டுல இருக்காங்க. ஆஸ்பத்திரியில சேத்து எட்டு நாளாச்சு. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. எம்மவ எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்."

"எப்பப் போறீங்க லாத்தா?"

"விசாவுக்கு வியாழக்கிழமை காலையில புதுச்சேரியில வரச் சொல்லியிருக்காங்க. நான் அவங்களுக்குப் பொறந்த மவதான்னு எத்தா சிவில் காயிதம் வேணுமாம். நம்பரு இல்லாம எடுக்க முடியாதுங்குறாங்க. நம்பரு இங்கதான் இருக்கும்னாங்க."

"இருக்கும் லாத்தா. மெஷின்ல சின்ன வேலை. சாயங்காலம் வாங்க" என்று சொன்னேன். அந்தச் சின்ன வேலை என்ற வார்த்தையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்றைய வேலையை வரிசையாகச் சொல்கிறேன், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்காக. முதலில், இந்த இயங்குதளத்தை எனக்குத் தெரியாது என்று மென்பொருள் ஏற மறுத்தது. பழைய பதிப்பில் ஓடுவதாக அதை நம்ப வைக்கும் ஒரு வசதி உண்டு. அதைக் கொடுத்ததும் பாதி வரை ஏறி, நெட்வொர்க் பகுதியில் நின்றது. நெட்வொர்க்கே வேண்டாம் என்று அதை விட்டுவிட்டு ஏற்றினேன். ஏறியது. இயக்கினால் திரை நீலமாகி மொத்தக் கணினியும் விழுந்தது. ஒலியை எடுத்தேன், விழுந்தது. நினைவகத்தைக் குறைத்தேன், விழுந்தது. கணினி எழும்போது வரும் அமைப்புப் பக்கத்துக்குப் போய், விர்ச்சுவல் மெஷினுக்கென்று இருக்கும் சுவிட்சு மூடிக் கிடந்ததைப் பார்த்துத் திறந்துவிட்டேன். எழுந்தது. ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். மணி நாலரை. பச்சை எழுத்தில் பாஸ்வேர்டு கேட்டது. சிங்காரவேலுவைத் திரும்பச் சொல்லிவிட்டு, கண்ணால் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். எட்டு நட்சத்திரம். தவறு என்றது. இன்னொரு முறை, தவறு. மூன்றாவது முறையும் தவறினால் புரோகிராம் தன்னைப் பூட்டிக்கொண்டு மறுநாள்தான் திறக்கும்.

அங்கேதான் விர்ச்சுவல் மெஷின் கைகொடுத்தது. இருக்கிற நிலையை அப்படியே படம் பிடித்து வைத்து, வேண்டும்போது அந்த நிலைக்கே திரும்பலாம். பாஸ்வேர்டு கேட்கும் நிலையில் ஒரு படம் பிடித்தேன். அதன்பின் ஒவ்வொரு முறை தவறியதும் படத்துக்குத் திரும்பி மறுபடி தட்டல். பெரிய எழுத்தில் தட்டினேன். கடைசி எழுத்தை மாற்றித் தட்டினேன். நாற்பது முறையாவது தட்டியிருப்பேன். வாசலில் செய்னம்பு லாத்தா உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு வாங்க லாத்தா" என்று சொல்ல அவரிடம் போனபோது, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே எழுந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை முசேக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் அவர் தங்கை எடுத்துக் கொடுத்தார். மெஷினைப் பற்றி மூச்சு விடாமல், பாஸ்வேர்டை மட்டும் சரிபார்த்தேன். அதே எட்டு எழுத்து. அப்படியென்றால் கீபோர்டில் தட்டுவது உள்ளே தவறாகப் போகிறதோ என்று சந்தேகம் வந்தது. நல்ல சந்தேகம். புரோகிராம் ஆரம்பிக்கும் முன் அதை நிறுத்தி, வெறும் கறுப்புத் திரையில் அரசலார் என்று தட்டிப் பார்த்தேன். எட்டு எழுத்தும் முத்து முத்தாக வந்தன. கீபோர்டில் கோளாறு இல்லை என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

சரி, பீட்டாதான் குற்றவாளி. இன்னொரு வட்டில் பழைய இயங்குதளத்தை ஏற்றி, சனிக்கிழமைக்கு முன் இருந்தபடியே எல்லாவற்றையும் திரும்ப அமைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. பாஸ்வேர்டு தட்டினேன். தவறு. அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. பீட்டா இல்லை என்றால் அட்டவணைக் கோப்பே கெட்டுவிட்டதா? டிவிடி நகலை எடுத்தேன். அதிலும் தவறு. இரண்டாவது டிவிடி, தவறு. நகல் எடுக்கும் முன்பே நான் எதையோ கெடுத்திருக்கிறேன் என்று முடிவுக்கு வந்தேன். முசேயின் அத்தனை வருஷ உழைப்பு, எத்தனையோ குடும்பங்களின் பெயர், எல்லாவற்றையும் ஒரு பத்திரிகை டிஸ்குக்காகத் தொலைத்துவிட்டேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

நெடுங்காட்டில் அறுவடைக்கு லீவு கேட்டிருந்த சிங்காரவேலு லீவை வேண்டாமென்று சொல்லிவிட்டு இருந்தார். "அக்கா, பீட்டாங்குறது பூட்டாப் போச்சு" என்று சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செய்னம்பு லாத்தா அன்று மூன்று முறை வந்தார். மூன்றாவது முறை, "அண்ணன் போனு பண்ணுச்சு. இன்னும் மூச்சிருக்காம்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை முசே ஊர் திரும்பிவிட்டார் என்று தெரிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கண்ணில் கட்டு, அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. மற்றக் கண்ணும் அவருக்கு அரைகுறைதான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பீட்டா போட்டதை, அது விழுந்ததை, அட்டவணையை நான் கெடுத்துவிட்டதை, செய்னம்பு லாத்தா எண்ணுக்குக் காத்திருப்பதை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தம்மாவுக்கு நம்பர் எப்ப வேணும்?" என்றார்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நகல் எடுத்தாகணும் முசே. விடிஞ்சா புதுச்சேரி."

"ஆட்டோ கூப்பிடுங்க."

அவர் தங்கை குறுக்கே வந்தார். "டாக்டர் திரையப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருண்ணே."

"நான் என்னைக்குத் திரையப் பாத்துப் பாஸ்வேர்டு தட்டினேன்?" என்று செருப்பைக் காலால் தேடினார்.

கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தோம். செய்னம்பு லாத்தா ஏற்கனவே வந்து காத்திருந்தார். முசே கீபோர்டின் மேல் விரல்களை ஒருமுறை ஓட்டினார். இன்னொரு முறையும் ஓட்டினார். "ஜன்னல் சாத்தியாச்சா?" என்றார். சாத்தியாகிவிட்டது என்றேன். "திரும்பிக்குங்க" என்றார். திரும்பினோம். எதற்கு என்று தெரியாமல் லாத்தாவும் எங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றோம். எட்டுத் தட்டல் கேட்டது. பிறகு ஒரு தட்டல்.

டிக்.

"வுவாலா" என்றார் முசே.

நான் திரும்பினேன். அட்டவணை திறந்து பச்சையாக நின்றது. கண் தெரியாத மனிதர் ஒரே தடவையில் திறந்துவிட்டார், கண் தெரிந்தவள் மூன்று நாள் மோதியிருக்கிறேன். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. "நீங்க தேடுங்க ஆனந்தி" என்று நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். லாத்தாவிடம் உம்மா பெயரைக் கேட்டேன். மரியம் பீவி. கீயைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். எம் தட்டினால் ஒரு காற்புள்ளி விழுந்தது. ஏ தட்டினால் க்யூ. மறுபடி தட்டினேன், மறுபடி க்யூ. பின்னால் நின்ற சிங்காரவேலு, "அட, க்யூனந்தி அக்கா!" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் புரோகிராம் ஆரம்பிக்கும்போது முதல் காரியமாகக் கீபோர்டைப் பிரெஞ்சு முறைக்கு மாற்றிவிடும். அதன் பிறகுதான் பாஸ்வேர்டு கேட்கும். நான் சோதித்ததோ அது ஆரம்பிக்கும் முன். அங்கே எழுத்து சரியாக வந்தது. உள்ளே போனதும் என் நாலு ஏயும் நாலு க்யூவாகப் போயின. நட்சத்திரத்துக்குப் பின்னால் அது எனக்குத் தெரியவில்லை. முசேயின் விரல்களுக்குக் கீயின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்ற கவலையே இல்லை. அவை போக வேண்டிய இடத்துக்குப் போயின. பதினாறு வருஷம் க்யூனந்தி என்று கேலி கேட்ட எனக்கு இது தோன்றவில்லை!

"என் கீபோர்டு எங்க?" என்றார் முசே.

"சனிக்கிழமை பழைய சாமானோட போட்டுட்டேன் முசே."

அவர் மறுபடி அந்தப் புதிய கீகளைத் தடவினார். "வழவழன்னு இருந்துச்சு. நெனச்சேன்" என்றார். பிறகு, "நோட்டை எடுங்க. சனிக்கிழமை தேதி போட்டு எழுதுங்க" என்றார். எழுதினேன். "பழைய கீபோர்டை எடுத்துவிட்டுப் புதியது மாட்டப்பட்டது" என்று. என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான்.

பிறகு அவர் விரலும் என் கண்ணுமாகத் தேடினோம். அவர் கண்ணாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார், நான் திரையைப் படிப்பேன். மரியம் பீவி என்று யாரும் இல்லை. மாரியாம் என்றார், இல்லை. "லாத்தா, உம்மாவ வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார் முசே. "மரியம்பின்னு" என்றார் லாத்தா. முசேயின் முகம் மலர்ந்தது. அந்தப் பெயரை எழுதிய எழுத்தர் அதை இரண்டாக உடைத்து, மரி என்று கிறிஸ்தவப் பெயராக்கி, அம்பியைத் தகப்பன் பெயராக்கியிருந்ததை அவர் எப்போதோ பிடித்து அட்டவணையில் கோத்து வைத்திருந்தார். தட்டினார். ஒரே வரி வந்தது. மரி, அம்பி, வயது பதினேழு. குழந்தை பெண், பெயர் செனபு. வருஷம், எண்.

"இதுதான் எங்க உம்மாவா?" என்று லாத்தா திரைக்குப் பக்கத்தில் வந்தார். அவருக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. எந்த இடம் என்று கேட்டு, நான் காட்டிய இடத்தில் விரல் வைத்தார். "பதினேழு வயசா! எம்பேத்தியவிடச் சின்னப் புள்ள" என்று அந்த வரியை விரலால் தடவினார்.

சிங்காரவேலு எண் எழுதிய சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் பறந்தார். மூன்றரைக்கு நகல் வந்தது. முசே மொழிபெயர்ப்பைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நான்கே முக்காலுக்கு லாத்தா கையில் எல்லாக் காகிதமும் இருந்தன. அவர் போன பிறகு முசே, "பாஸ்வேர்டு இப்ப ஊருக்கே தெரியும். மாத்திடுறேன். திரும்பிக்குங்க" என்றார். திரும்பிக்கொண்டோம்.

செய்னம்பு லாத்தாவுக்கு விசா கிடைத்தது. போனார். ஐந்து மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார், பேரீச்சம்பழப் பெட்டியோடு. "உம்மா கண்ணத் தொறந்து, செய்னம்பு வந்துட்டியான்னாங்க. அதுக்கப்பறம் பதினோரு நாளு இருந்தாங்க தங்கச்சி. என் மடியிலதான் போனாங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் தாமதமாகியிருந்தால் என்று அவர் சொல்லவில்லை. நான்தான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முசே அதன்பின் மூன்று வருஷம் வேலை பார்த்தார். பிரெஞ்சுக் கீபோர்டு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமென்றுவிட்டார். தினமும் காலையில் ஜன்னலைச் சாத்துவார், எங்களைத் திரும்பச் சொல்வார், டிக் சத்தம் வரும், வுவாலா என்பார். கடைசி நாளன்று மாலை போட்டோ எல்லாம் எடுத்து முடித்த பிறகு என்னை அவர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். அட்டவணை பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அவர் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்ன தட்டணும் முசே?"

"உங்க பேரைத் தட்டுங்க. கீயப் பாத்தே தட்டுங்க."

தட்டினேன். ஏழு நட்சத்திரம். டிக் என்று திறந்தது. எனக்கு உடனே பிடிபடவில்லை. இந்தக் கீபோர்டில் நான் ஆனந்தி என்று தட்டினால் உள்ளே என்ன போய்ச் சேரும் என்று ஒவ்வொரு எழுத்தாக மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். முதல் எழுத்து க்யூ. மூன்றாவது எழுத்தும் க்யூ. சிங்காரவேலுவின் க்யூனந்தி.

அன்றைக்கு ஐம்பது பெயரை அழித்தபோது சிரிக்காத மனிதர், மூன்று வருஷமாகத் தினமும் காலையில் கடலைப் பார்த்தபடி அந்தப் பெயரைத் தட்டியிருக்கிறார். அவ்வளவு நாளும் நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதே சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன்.